பச்சை ஈயும் காளியப்பன் இறந்த நாளும்

அனுப்புநர்:
வே. ஐயாத்துரை,
தோட்ட டிரஸ்ஸர்,
சுங்கை லிந்தா தோட்டம் (நம்மவர் வழக்கில் அட்டைத் தோட்டம்),
சிம்பாங் ரெங்கம் அஞ்சல், ஜொகூர்.

பெறுநர்:
மாட்சிமை பொருந்திய இந்திய அரசாங்க ஏஜெண்டு அவர்கள்,
கோலாலம்பூர்.

பொருள்: அட்டைத் தோட்டத்துத் தொழிலாளி காளியப்பன் மரணம் – அதற்காக அர்ச்சுனன் என்பவருக்கு விதிக்கப்பட்டுள்ள தூக்குத் தண்டனை – இறந்த நாள் தவறாகக் கணிக்கப்பட்டது – அத்தவறு நேர்ந்த விதத்தை உள்ளபடி தெரிவித்துக்கொள்வது.

மரியாதைக்குரிய ஐயா,

1. யாழ்ப்பாணத்தில் பிறந்த நான், பதினெட்டு ஆண்டுகளாக இந்நாட்டுக் கித்தா என்னும் ரப்பர்த் தோட்டங்களில் டிரஸ்ஸராக வேலை செய்து வருகிறேன். டாக்டர் அல்லேன். புண் கழுவுவது, காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பது, கைக்கு மீறிய நோயாளியைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு லாரியில் ஏற்றி அனுப்புவது, இவை என் வேலை. பிழை பொறுக்காதவன், சிடுமூஞ்சி என்று தோட்டத்தில் எனக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பற்றி எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது. இப்போது இல்லை.

2. இதே விஷயமாக வேறு இரண்டு அலுவலகங்களுக்கு ஆங்கிலத்தில் இரண்டு மனுக்கள் அனுப்பினேன். "கிடைத்தது" என்று ஒன்றுக்கு ஒற்றை வரியில் பதில் வந்தது. மற்றதற்கு அதுவும் இல்லை. அம்மனுக்களின் நகல்களை நேற்று எடுத்து வாசித்துப் பார்த்தேன். இலக்கணம் சுத்தமாக இருந்தது. என்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய இடங்களில் எல்லாம் நான் நன்றாக ஒளிந்துகொண்டிருந்தேன். எனவே இம்முறை தமிழில், ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

3. காளியப்பனும் அர்ச்சுனனும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். காளியப்பன் பால்மரம் வெட்டுபவர். அர்ச்சுனன் கால்வாய் வெட்டும் வேலைக்காரர். மார்ச்சு 5, ஞாயிற்றுக்கிழமை, ஒரு சேவலைப் பற்றிக் கள்ளுக்கடையில் இருவருக்கும் வாய்ச்சண்டை. "ஒன்னய வெட்டி இதே கால்வாயில பொதைக்கல, எம்பேரு அர்ச்சுனன் இல்லடா" என்று அர்ச்சுனன் இருபது பேர் காதில் விழச் சொன்னது உண்மை. கோர்ட்டில் இந்த வார்த்தையை மூன்று முறை வாசித்தார்கள். கள்ளுக்கடையில் இப்படிப் பேசாத ஆண்பிள்ளை அட்டைத் தோட்டத்தில் நான் ஒருவன்தான். அதற்குக் காரணம், நான் கள்ளுக்கடைக்குப் போவதில்லை.

4. இனி வருபவை தேதிகள். ஓர் உயிர் இவற்றில்தான் தொங்குகிறது என்பதால் தாங்கள் பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன்.

மார்ச்சு 8, புதன்: அர்ச்சுனன் குளிர் காய்ச்சலோடு என் வார்டில் படுத்தார். வியாழன், வெள்ளி இரு நாளும் எழுந்து நடக்கும் நிலையில் இல்லை. வார்டு ஆயா காளியம்மாதான் அவருக்குக் கஞ்சி புகட்டினார்.

மார்ச்சு 9, வியாழன்: காளியப்பன் பகல் ஒரு மணிக்குப் பால் எடை போட்டுவிட்டு, தெப்ராவில் இருக்கும் தம்பி சின்னத்தம்பி வீட்டுக்குப் போவதாக மனைவி ராசம்மாவிடம் சொல்லிக் கிளம்பினார். ஐந்தாம் நம்பர் ரப்பர்க் காட்டின் குறுக்குப்பாதை வழியே பெரிய ரோட்டுக்குப் போய் லாரி பிடிப்பது அவர் வழக்கம். போன மனிதன் தம்பி வீட்டில் இருக்கிறார் என்று இங்கே நினைத்தார்கள். அண்ணன் வருவதாகவே தம்பிக்குத் தெரியாது. ஆகவே யாரும் தேடவில்லை.

மார்ச்சு 11, சனி: காய்ச்சல் இறங்கியதால் காலை ஒன்பது மணிக்கு அர்ச்சுனனை வீட்டுக்கு அனுப்பினேன்.

மார்ச்சு 13, திங்கள்: காலை ஏழு மணிக்குப் புல் வெட்டும் பெண்கள் ஐந்தாம் நம்பர் காட்டுக் கால்வாயில் காளியப்பன் உடலைக் கண்டார்கள். இடுப்புக்குக் கீழே ஓடும் தண்ணீரில். மேலுடம்பு கரையில், பெரணிப் புதருக்குள், வெயில் படாத நிழலில்.

வார்டுப் புத்தகத்தைக் கோர்ட்டார் நம்பினார்கள். ஆகவே காளியப்பன் வியாழனோ வெள்ளியோ இறந்திருந்தால் அர்ச்சுனன் குற்றமற்றவர். சனிக்கிழமை மாலை இறந்திருந்தால் அர்ச்சுனன் மேல் சந்தேகம் விழ இடமுண்டு. வழக்கு முழுவதும் இவ்வளவே.

5. அன்று பெரிய துரை ஜொகூர் பாருவுக்குப் போயிருந்தார். மழையில் மரப்பாலம் போய்விட்டது. போலீசுக்கு ஆள் அனுப்பினோம். மறுநாள்தான் வர முடியும் என்று பதில் வந்தது. உடலைக் கித்தான் சாக்கில் கிடத்தி என் ஆஸ்பத்திரியின் பின்கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். கள் குடித்துக் கால் இடறி விழுந்திருக்கிறார் என்றே எல்லோரும் பேசினோம். கொலை என்ற நினைப்பு அப்போது ஒருவருக்கும் இல்லை.

ராசம்மா வந்தார். முகத்தைப் பார்த்தார். மூக்கு, வாய், பின்மண்டைக் காயம் எல்லா இடத்திலும் புழு. ஐயா, நான் பதினெட்டு வருஷம் புண்ணில் புழு எடுத்தவன். நானே அதற்கு முன் இவ்வளவு கண்டதில்லை. அந்த அம்மாள் என் காலைப் பிடித்துக்கொண்டு, "டிரஸ்ஸரையா, எம்புள்ளைங்க ரெண்டும் அப்பா மூஞ்சியப் பாக்கணுங்க. இந்தக் கோலத்துல எப்படிங்க காட்டுவேன்? மஞ்சத்தண்ணி ஊத்திக்கிறேங்க, நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க" என்று அழுதார். நம் ஜனங்கள் பிணத்தைக் கழுவாமல் அனுப்புவதில்லை என்பது தாங்கள் அறிந்ததே. போலீசார் வரும் வரை தொடக் கூடாது என்பது சட்டம். அதை அங்கே அறிந்தவன் நான் ஒருவனே.

நான் சரி என்று சொன்னேன். சொன்னதோடு நிற்கவும் இல்லை. கற்பூரத் தைலம் விட்டுப் புழுக்களை மேலே வரவைத்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக நானே எடுத்தேன். ராசம்மாவும் இரண்டு பெண்களும் சீயக்காய் தேய்த்து, மஞ்சள் நீர் ஊற்றி, குழந்தை குளிப்பாட்டுவது போல அந்த உடலைச் சுத்தம் செய்தார்கள். பிள்ளைகள் வந்து அப்பா முகத்தைப் பார்த்தன.

6. இப்போது ஈயைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது ஓர் அரசாங்க மனுவில் எழுதத் தக்க விஷயமா என்று தாங்கள் முகம் சுளிக்கலாம். கோர்ட்டிலும் சுளித்தார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஈ ஒழிப்பு பற்றிச் சுகாதார இலாகா எல்லாத் தோட்டங்களுக்கும் ஓர் உத்தரவு அனுப்பியது. கழிவுக் குழிகளுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை மண்ணெண்ணெய் தெளிக்க வேண்டும் என்று அதில் இல்லை. எனக்கு அரைகுறை உத்தரவு பிடிக்காது. நானே ஈ வளர்த்துப் பார்த்தேன். அகன்ற வாய்ப் புட்டிகளில் ஆட்டு ஈரலும் மணலும் போட்டு, மெல்லிய துணி கட்டி, இருபத்தாறு முறை தேதியும் மணியும் குறித்து வைத்தேன். என் மனைவி அன்னபாக்கியம் அந்த நாற்றத்துக்காக என்னோடு மூன்று மாதம் பேசவில்லை.

பிணத்துக்கு முதலில் வருவது, பச்சையாக மினுங்கும், கண் சிவந்த பெரிய ஈ. மாமிச வாடை கிடைத்தால் பகல் வேளையில் நாழிகைக் கணக்கில் வந்துவிடும். இருட்டில் முட்டையிடுவதை நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை. கண், மூக்கு, வாய், காயம் ஆகிய ஈரமான இடங்களில் நொய்யரிசி கொட்டியது போலக் குவியலாக முட்டையிடும். ஓர் இரவுக்குள் முட்டை பொரிக்கும். முதல் நாள் புழு ஊசிமுனை அளவுதான். இரண்டு முறை சட்டை உரித்து, நான்காம் நாளில் அரை அங்குலத்துக்கு மேல் கொழுத்துவிடும். பிறகு தின்பதை நிறுத்தி, பிணத்தை விட்டு விலகி மண்ணைத் தேடும். ஐந்தாம் நாள் அதன் தோலே இறுகிப் பழுப்பு நிறக் கூடாகும். அதற்குள் நான்கைந்து நாள் கிடந்து, கூட்டின் மூடியை நெற்றியால் முட்டித் திறந்து, சுருங்கிய சிறகோடு ஈ வெளியே வரும். முட்டையிலிருந்து ஈ வரை நம் ஊர் வெக்கையில் ஒன்பது நாள், மிஞ்சினால் பத்து. இருபத்தாறு முறையில் ஒருமுறையும் எட்டு நாளுக்குள் ஈ வரவில்லை.

மார்ச்சு 13-ஆம் தேதி காளியப்பன் உடலிலிருந்து நான் எடுத்தவை அரை அங்குலப் புழுக்கள். சில தின்பதை நிறுத்தி, சாக்கின் மடிப்பில் ஒளிய இடம் தேடிக்கொண்டிருந்தன. பழக்க தோஷத்தால் முப்பது புழுவைப் புட்டியில் போட்டுவைத்தேன். 14-ஆம் தேதி மாலை அவை கூடு கட்டின. 18-ஆம் தேதி மாலை முதல் ஈ வந்தது; 19-ஆம் தேதிக்குள் எல்லாம் வந்துவிட்டன. தாங்களே பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். முட்டை இடப்பட்ட நாள் மார்ச்சு 9, வியாழன் பிற்பகல். அந்நேரம் அர்ச்சுனன் 104 டிகிரி காய்ச்சலில் என் கண் முன்னே பிதற்றிக்கொண்டிருந்தார்.

7. பட்டணத்து டாக்டர் மேல் எனக்குப் புகார் இல்லை. அவர் தம் வேலையைச் சரியாகவே செய்தார். உடல் அவர் மேசைக்குச் சென்றது செவ்வாய்க்கிழமை மாலை. நாங்கள் கழுவி முடித்த திங்கட்கிழமைப் பகலில் அதே ஈக்கள் திரும்பி வந்து மூக்குத் துவாரத்தில் மறுபடி முட்டையிட்டிருக்கின்றன. டாக்டர் கண்டது அந்த ஊசிமுனைப் புழுக்களை. பெரிய புழு ஒன்றுகூட இல்லை. குளிர்ந்த தண்ணீரில் கிடந்ததால் உடலும் அதிகம் கெடவில்லை. "மூன்று நாளுக்கு மேல் ஆகியிருக்க முடியாது" என்று எழுதினார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே எழுதியிருப்பேன். பின்மண்டைக் காயம் அகலமாக இருந்ததால் மண்வெட்டி வெட்டு என்றும் எழுதினார். நான்கு நாள் புழு தின்று அகலமாக்கிய காயம் அது. எலும்பில் இருந்தது சிறிய கீறல்தான். காளியப்பன் தானே விழுந்தாரா, யாரேனும் தள்ளினார்களா என்று எனக்குத் தெரியாது. எந்த நாள் என்பது மட்டும் தெரியும்.

8. இனி நான் இரு முறையும் ஆங்கிலத்தில் எழுதத் துணியாத பகுதி.

14-ஆம் தேதி காலை போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்து, "உடலை யாராவது தொட்டார்களா?" என்று கேட்டார். தோட்டத்துக் கணக்கரான கிராணி மணியம் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்தார். நான் "இல்லை" என்றேன். தோல் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டார். நாற்றத்துக்காகப் புண்ணுக்குப் போடும் மஞ்சள் மருந்து தெளித்தேன் என்றேன். இரண்டும் பொய். கீழே கையெழுத்தும் இட்டேன்.

ஏன் சொன்னேன்? கித்தா விலை விழுந்து, தோட்டந்தோறும் ஆட்களைக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த காலம். பக்கத்துத் தோட்டத்து டிரஸ்ஸர் கனகசபையை அதற்கு முந்தின மாதம்தான் ஒரு சிறு பிழைக்காக வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எனக்கு மூன்று பெண் பிள்ளைகள். கால் இடறி விழுந்த குடிகாரன் விஷயத்தில் இந்த ஒரு சொல்லால் யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடும் என்று நினைத்தேன். அர்ச்சுனனைக் கைவிலங்கோடு கொண்டுபோனது அதற்கு ஐந்தாம் நாள், 19-ஆம் தேதி. புட்டியில் கடைசி ஈ பறந்த அதே நாள். அன்றே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். டாக்டர் நாளைச் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார், நாம் ஏன் தலையைக் கொடுக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். கோழை ஐயா, நான்.

9. மே மாத விசாரணையில் வார்டுப் புத்தகத்தைக் காட்டவே என்னைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறிய பின் தாள முடியாமல், உடலைக் கழுவியதையும் புழு எடுத்ததையும் சொல்லிவிட்டேன். அரசாங்க வக்கீல் என் மார்ச்சு 14 வாக்குமூலத்தை எடுத்து வாசித்தார். "இரண்டில் எது பொய்?" என்று கேட்டார். "அது பொய், இதுதான் மெய்" என்றேன். "சத்தியம் செய்யாமல் ஒன்று, சத்தியம் செய்து ஒன்றா?" என்றார். செத்த ஈக்கள் இருந்த புட்டியை மேசைமேல் வைத்தேன். எந்தக் கக்கூசிலும் கிடைக்கும் சரக்கு என்றார். கோர்ட்டில் சிரித்தார்கள். அர்ச்சுனனும் சிரித்தார், அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எல்லோரும் சிரிப்பதால் நல்ல சேதிதான் என்று நினைத்துவிட்டார். சிம்பாங் ரெங்கம் கடைக்காரர் ஒருவர் சனிக்கிழமை பகலில் "காளியப்பன் மாதிரி ஓர் ஆளை"ப் பார்த்ததாகச் சொன்னது போதுமான சாட்சியாயிற்று. ஆகஸ்டில் அப்பீலும் தள்ளுபடி ஆனது.

10. ராசம்மா முதலில் அர்ச்சுனன்தான் கொன்றார் என்று நம்பினார்; கோர்ட்டிலும் அவருக்கு எதிராகச் சொன்னார். கழுவியதைப் பற்றி வாய் திறக்காதே என்று அவரைத் தடுத்ததும் நானே. அப்பீல் போன பிறகு நான் அவரை உட்காரவைத்து, தேதிகளையும் ஈயின் கணக்கையும் விளக்கினேன். "அப்போ நான் மஞ்சத்தண்ணி ஊத்துனதுதான் அந்த மனுசனத் தூக்குல ஏத்துதுங்களா?" என்று கேட்டார். இல்லை, நான் சொன்ன பொய்தான் ஏற்றுகிறது என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. இம்மனுவின் கீழ் அவர் கைநாட்டு இருக்கிறது. நான் கேட்காமலே வந்து வைத்தார்.

அர்ச்சுனன் மனைவி வெள்ளையம்மா எழுத்து அறியாதவர். ஈயின் கணக்கை என்னிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார். "ஒரு ராவுல பொரிக்கும், நாலு நாளு திங்கும், அஞ்சாம் நாளு கூடு கட்டும், பத்தாம் நாளு பறக்கும்" என்று வழியில் காண்போரிடம் எல்லாம் சொல்கிறார். துரை பங்களா வாசலில் நின்று சொன்னார். சிம்பாங் ரெங்கம் போலீஸ்காரரிடம் மலாயில் சொல்ல முயன்றார். புத்தி பிசகிவிட்டது என்று தோட்டத்தில் பேசுகிறார்கள். அந்தக் கணக்கில் ஓர் எழுத்துப் பிழையும் இல்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

11. இனியும் மனு எழுதினால் வேலை இல்லை என்று பெரிய துரை எச்சரித்திருக்கிறார். "உங்களுக்கென்ன விசரே? எங்கட பிள்ளையள ஒருக்கா நினைச்சுப் பாத்தனீங்களே?" என்று அன்னபாக்கியம் கேட்டாள். நினைத்துப் பார்த்துத்தான் அன்று பொய் சொன்னேன். அதனால் அர்ச்சுனன் பிள்ளைக்கு அப்பன் இல்லாமல் போகப் போகிறது. மருந்து அலமாரிச் சாவிகளை இன்று காலை கிராணி மணியத்திடம் ஒப்படைத்துவிட்டேன்.

12. ஆகவே ஏஜெண்டு ஐயா அவர்களிடம் நான் வேண்டுவது இது. என்னைப் பொய் வாக்குமூலம் கொடுத்தவன், சாட்சியத்தை அழித்தவன் என்று கைது செய்ய ஏற்பாடு செய்யுங்கள். என் பேரில் வழக்கு எழுந்தால், நான் எதைக் கழுவினேன், என்ன அழிந்தது, அது எந்த நாளைக் காட்டியது என்று ஒரு கோர்ட்டு கேட்டே தீர வேண்டும். வேறு எல்லா வாசலும் அடைத்தாகிவிட்டது. அந்த வழக்கு முடியும் வரை அர்ச்சுனன் தண்டனையை நிறுத்திவைக்கும்படி இந்நாட்டு அரசாங்கத்தாரைத் தாங்கள் நேரில் கேட்க வேண்டும். என் ஈக் குறிப்புப் புத்தகத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நம்பிக்கை இல்லாவிட்டால் பட்டணத்து டாக்டரையே ஒரு துண்டு ஈரலை நிழலில் வைத்துப் பத்து நாள் காத்திருக்கச் சொல்லுங்கள். எனக்கு மன்னிப்பு வேண்டாம். சிறையில் எத்தனை வருஷம் என்றாலும் இருந்துகொள்கிறேன்.

13. அவசரத்துக்குக் காரணம் ஒன்றுண்டு. முந்தாநாள் வெள்ளையம்மா ஜொகூர் பாரு சிறைக்குப் போய் அர்ச்சுனனைப் பார்த்து வந்தார். வந்ததும் நேரே என்னிடம் ஓடிவந்தார். மார்ச்சுக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பை அன்றுதான் கண்டேன். "நல்லாப் பாத்துக்கிறாங்க டிரஸ்ஸரையா. நேத்து அவரத் தராசுல ஏத்தி எடை பாத்தாங்களாம், ஒசரங்கூட அளந்தாங்களாம். ஒடம்பு தேறுதான்னு பாக்குறாங்க போல. விட்டுருவாங்கதானே?" என்று கேட்டார்.

தூக்குக் கயிற்றின் நீளத்தைக் கணக்கிடத்தான் எடையும் உயரமும் பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும், தங்களுக்கும் தெரியும். நான் அவரிடம் "ஆமாம்" என்று சொல்லி அனுப்பினேன். ஐயா, இது நான் சொன்ன மூன்றாவது பொய். இதையாவது மெய்யாக்கித் தரும்படி தங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

இடம்: சுங்கை லிந்தா தோட்டம், ஜொகூர்
தேதி: 4 செப்டம்பர் 1933

தங்கள் ஆட்கள் வரும்வரை தோட்ட ஆஸ்பத்திரி வாசலிலேயே காத்திருக்கும்,
வே. ஐயாத்துரை

காளியப்பன் மனைவி ராசம்மா, இடது பெருவிரல் கைநாட்டு